தம்பிக்கு அழுத இரண்டு பாட்டுகள்

கல்யாணராமனைத் தேடி வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பிப் போனதில்லை என்று அந்த நூல்நிலையத்தில் ஒரு பேச்சு உண்டு. மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து உள்ளே ஒடுங்கும் ஒரு தெருவில், வக்கீல் ஒருவர் காலமான பிறகு அவருடைய சம்சாரம் எழுதிக்கொடுத்த மாடி வீடுதான் நூல்நிலையம். கீழே பேப்பர் படிப்பவர்கள், மேலே ஆராய்ச்சிக்காரர்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு மேஜை. அதன் பின்னால், கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டையில், இருக்கிறாரா இல்லையா என்று சந்தேகப்படும்படி அவர் உட்கார்ந்திருப்பார்.

எது எங்கே இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. யாராவது வந்து கேட்டால் "இருங்கோ" என்பார். எழுந்து போவார். ஐந்து நிமிஷமோ ஐம்பது நிமிஷமோ கழித்து ஒரு புத்தகத்தோடு வருவார். புத்தகம் இல்லாவிட்டால் ஒரு அட்டையாவது கையில் இருக்கும்; எந்த ஊரில், எந்த நூலகத்தில், எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று பொடி எழுத்தில் குறித்த அட்டை. தெரியாது என்ற சொல்லை அந்த மேஜையில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்கலாம். பால்காரன் வந்தானா, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதா, மனைவி விஜயலக்ஷ்மி எதைக் கேட்டாலும் அவருக்குத் தெரியாது.

"உலகத்துக்கெல்லாம் தெரியும்னு சொல்றேள், என்கிட்ட மட்டும் தெரியாதுங்கறேள்" என்பாள் அவள்.

"உனக்கு ஆதாரம் வேண்டாமே" என்பார் அவர்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் போர்ஷன். அங்கிருந்து நூல்நிலையத்துக்கும், நூல்நிலையத்திலிருந்து அங்கேயுமாக இருபத்தேழு வருஷம் நடந்துவிட்டார். 1944-ல் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுக்கிற ஆளாகச் சேர்ந்தவர்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு புது மாதிரி ஆட்கள் மாடியேறி வந்தார்கள். நாட்டுப்பாடல் ஆராய்ச்சி என்றார்கள். எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "சார், நாட்டுப்பாடல் அலமாரி எது?"

"அப்படி ஒரு அலமாரி கிடையாது. அது ஒளிஞ்சிண்டிருக்கும்" என்றார் கல்யாணராமன்.

அது உண்மை. ஏற்றப்பாட்டு வேண்டுமென்றால் நீர்ப்பாசன அறிக்கையில் தேட வேண்டும். பேய் விரட்டும் பாட்டு, பாதிரிமார் தங்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் கிடைக்கும். நடவுப்பாட்டு ஒன்று ஜில்லா கெஜட்டியரின் பின்னிணைப்பில், எருமை வியாதிகளுக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. குஜிலிக் கடைத்தெருவில் விற்ற கொலைச்சிந்துப் பாட்டுத் தாள்களை எந்த நூலகமும் புத்தகமாக மதித்து வாங்கவில்லை. பெரிய புத்தகங்களைப் பைண்டு செய்தபோது முதுகுக்கு முட்டுக்கொடுத்து ஒட்டிய காகிதமாக அவை உயிரோடு இருந்தன. ஈரத்துணி வைத்து உரித்து அவற்றைப் படித்திருக்கிறார் கல்யாணராமன். இப்படிக் கண்டதையெல்லாம் அட்டையில் எழுதி ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுவைத்தார். 1971-ல் பெட்டி மூன்றாகியிருந்தது. ஆயிரத்து நூறு அட்டைகள். அந்த மூன்று பெட்டிகளுக்கு நிகராகத் தமிழ்நாட்டில் வேறெதுவும் இல்லை என்று ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் சொல்லிக்கொண்டார்கள். அவர் காதிலும் அது விழுந்தது. விழுந்த அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மல்லிகைப்பூ வாங்கினார்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜெயபாரதி ஒரு பெண்ணை மாடிக்கு அழைத்துவந்தாள். ஜெயபாரதி தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் மகள்; மீனவர் பாட்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கூட வந்தவளுக்கு முப்பத்துநாலு முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பில்லை. படியேறி முடித்ததும் புடவைத் தலைப்பால் இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்துக்கொண்டாள்.

"சார், இவங்க தங்கம். பட்டினப்பாக்கம். இவங்க அம்மா பாடின பாட்டை ஒருத்தர் எழுதிக்கிட்டுப் போனாராம். உங்ககிட்டதான் இருக்கும்னு கூட்டிட்டு வந்தேன்" என்றாள் ஜெயபாரதி.

"ஒக்காரும்மா" என்றார் கல்யாணராமன்.

"குந்தல சார். நாற்காலி நாறும்" என்றாள் தங்கம். "வெள்ளிக்கிழம மீன் போணியாவாது, அதான் வந்தேன். எங்கம்மா பேரு அஞ்சலை. நான் கைக்கொழந்தயா இருக்கசொல்ல ஒரு வாத்தியாரு குப்பத்துக்கு வந்து, கெழவி குமரி எல்லாத்தையும் பாடச் சொல்லி எழுதினு போனாராம். எங்கம்மாவும் பாடிச்சாம். அது செத்து முப்பத்திரண்டு வருசம் ஆவுது. எனக்கு மொகம் கூடத் தெரியாது."

"என்ன பாட்டு?"

"அழுகப் பாட்டு சார். ஒப்பாரி."

அவளுடைய புருஷன் தேசப்பன் போன கார்த்திகையில் கட்டுமரத்தோடு போனவன். மூன்றாம் நாள் உடம்பு மட்டும் திருவான்மியூர்ப் பக்கம் ஒதுங்கியது. கொண்டுவந்து வாசலில் போட்டபோது குப்பமே அழுதது, அவளுக்கு மட்டும் தொண்டை திறக்கவில்லை.

"எங்கள்ல அம்மா எடுத்த அடிய எடுத்துத்தான் அழணும் சார். அதுல பேர மாத்திக்குவோம், தம்பின்னு இருந்தா ராசாம்போம். ஆனா அடி அம்மாவுது. எனுக்கு யாரு சொல்லித் தந்தா? கல்லு மாறி நின்னேன். புருசன் செத்ததுக்கு அழாதவன்னு இன்னிக்கும் கொழாயாண்ட பேசறாளுங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கார்த்திகை வந்தா வருசம் திரும்புது. அன்னிக்கு எல்லா ஜனமும் குந்தும். அன்னிக்கானா நான் அழுவணும் சார்."

கல்யாணராமன் எழுந்தார். "இரு" என்றார்.

அவருக்கு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. தனபாலன் என்ற பள்ளி ஆசிரியர், 1938-ல் தொடங்கி இரண்டு வருஷம் திருவல்லிக்கேணியிலிருந்து திருவான்மியூர்வரை கடலோரக் குப்பங்களில் நடந்து எழுதிய நோட்டுகள். அவர் காலமானபின் 1952-ல் குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்பது நோட்டுகள், இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள். அவற்றுக்கு அட்டை எழுதியவரே கல்யாணராமன்தான்.

பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தார். 'தனபாலன். கடலோரப் பாடல்கள். கையெழுத்து. ஒன்பது பகுதிகள்.' விதிப்படி எழுதிய அட்டை. எழுதியவர் பெயர் முதலில். பாடியவர் பெயர் விதியில் இல்லை, அட்டையிலும் இல்லை. பரவாயில்லை, நோட்டில் இருக்கும் என்று உள்ளே போனார். ஒன்பது தொகுதிகளும் நீலக் காலிகோ துணிப் பைண்டில், தங்க எழுத்தோடு, கோயில் படிக்கட்டு மாதிரி வரிசையாக இருந்தன. ஒன்றைப் பிரித்தார். பாட்டின் நம்பர். பாட்டு. அடுத்த நம்பர். அடுத்த பாட்டு.

பெயர் எங்கும் இல்லை.

அலமாரிகளுக்கு நடுவில் நின்றபடியே அவருக்கு நினைவு வந்தது. முதலில் விரல் நுனியில்தான் வந்தது. குண்டூசி.

தனபாலன் பாட்டை நோட்டில் எழுதியிருந்தார். யார் பாடியது, எந்தக் குப்பம், யார் சாவுக்கு அழுதது என்பதைத் தனியாக ஒரு சின்னச் சீட்டில் எழுதி, அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் குண்டூசியால் குத்திவைத்திருந்தார். நோட்டு வந்தபோது அத்தனை ஊசியும் கடற்காற்றில் துருப்பிடித்திருந்தது. துரு காகிதத்தைத் தின்னும்; பைண்டிங்குக்கு அனுப்பும் முன் ஊசி, கிளிப், நூல், செருகின காகிதம் எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும் என்பது நூல்நிலையத்து விதி. கல்யாணராமன் மூன்று நாள் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஊசிகளையும் பிடுங்கினார். ஒரு பக்கம்கூடக் கிழியாமல் பிடுங்கினதற்காக அப்போதைய நூலகர் அவரை மெச்சினார். சீட்டுகளில் பாட்டு நம்பர் போட்டிருக்கவில்லை. பக்கத்திலேயே குத்தியிருக்கும்போது நம்பர் எதற்கு என்று தனபாலன் நினைத்திருப்பார்.

திரும்பி வந்து, "கெடச்சுடும். அடுத்த வெள்ளிக்கிழமை வா" என்றார்.

"மெய்யாலுமா சார்?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

தங்கம் ஜெயபாரதியைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து ஜெயபாரதி பார்த்தது அதுதான் முதல் தடவை.

சீட்டுகளை அவர் எறியவில்லை. எதையும் எறிகிற மனுஷன் இல்லை அவர். கீழ் இழுப்பறையில், பதினெட்டு வருஷத்துப் பழுப்போடு ஒரு உறையில் இருந்தன. மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நூற்று நாற்பதாவது சீட்டோ என்னவோ: 'அஞ்சலை. பட்டினப்பாக்கம். தம்பிக்கு.' அதைத் தனியாக வைத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

ஒன்பது தொகுதியிலும் தம்பிக்கு அழுத பாட்டுகள் இரண்டே இரண்டு. நாற்பத்தொன்று, ஐம்பத்தேழு. சீட்டுகளிலும் தம்பி இரண்டுதான். அஞ்சலையினுடையது ஒன்று, இன்னொன்று, 'முனியம்மா. ஊரூர்க் குப்பம். தம்பிக்கு.' இரண்டு பாட்டு, இரண்டு பெண்கள். எது யாருடையது என்று சொல்ல ஒரு வழி இருந்தது. சீட்டில் ஊசி குத்திய இரண்டு ஓட்டைகளும் அவற்றைச் சுற்றித் துருக்கறையும் இருந்தன. அஞ்சலையின் சீட்டில் ஓட்டைகள் நெருங்கி, சாய்ந்து இருந்தன. முனியம்மாவினுடையதில் நேராக, தள்ளி. பக்கத்து ஓரத்திலும் அதே கறை இருக்கும். வைத்துப் பார்த்தால் தீர்ந்தது.

நாற்பத்தொன்றாம் பாட்டைப் பிரித்தார். ஓரம் வெள்ளையாக, கத்தி போட்ட மாதிரி நேராக இருந்தது. கத்தி போட்டதுதான். பைண்டர் ஓரத்தை வெட்டியிருந்தார், கறையோடு சேர்த்து.

அந்தப் பைண்டர் மெஹபூப் அலி ராயப்பேட்டையில் இன்னும் கடை வைத்திருந்தார். கல்யாணராமன் மறுநாளே போய் நின்றார்.

"பதினெட்டு வருசம் முந்தி வெட்டின துண்டா சார்?" என்று கேட்டார் மெஹபூப் அலி. பசைச் சட்டியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "அதுல எத்தனை தபா அடுப்பு மூட்டியிருப்பேன். ஓரம் வெட்டட்டுமான்னு நான் கேட்டேனே. துரு புடிச்ச இடம் ஒண்ணுகூட இருக்கப்படாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமாம்" என்றார் கல்யாணராமன். "நான்தான் சொன்னேன்."

அதற்குப் பிறகு நாலு மாதம் அவர் தேடினார். ஜெயபாரதிக்கே அது பயமாக இருந்தது. தனபாலன் தன் பாட்டுகளை எந்தப் பத்திரிகைக்காவது அனுப்பியிருந்தால் அதில் பாடியவள் பெயர் வந்திருக்கும் என்று, எழும்பூர் நூலகத்துக்குப் போய் 1938 முதல் 1950 வரை மாதப் பத்திரிகைகளைப் புரட்டினார். அடையாற்றில், ஆற்றோரத் தோட்டத்துக்குள் இருக்கும் நூலகத்தில் மிஷன் அறிக்கைகளைப் பார்த்தார். அஞ்சலையின் தம்பி கடலில் போனானா, காய்ச்சலில் போனானா என்று தெரிந்தால் பாட்டோடு பொருத்தலாம் என்று துறைமுக அறிக்கைகளில் மூழ்கினவர் பட்டியலைத் தேடினார். கட்டுமரக்காரர்களை அதில் எண்ணிக்கையாகத்தான் போட்டிருந்தது. இந்த வருஷம் ஒன்பது, அந்த வருஷம் பதினாலு. கண்ட இடத்தையும் காணாத இடத்தையும் அட்டையில் எழுதினார். செருப்புப் பெட்டி நாலாகியது.

தங்கம் வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். படியில் கால் வைக்கும்போதே அவர் முகத்தைப் பார்ப்பாள். "தேடிண்டிருக்கேன்" என்பார். "தேடு சார். எம்மாம் புஸ்தகம் கீது, சொம்மாவா" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் கீழே காவலாளியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது: "ஐயரு பாவம்பா, எங்கம்மாவுக்கோசரம் கண்ணு பூத்துப் போவுது."

இரண்டு பாட்டுகளையும் அவர் அவளிடம் காட்டவில்லை. இன்னொரு சீட்டைப் பற்றியும் சொல்லவில்லை. முடிவு தெரியாமல் வாசகரிடம் எதையும் நீட்டக் கூடாதென்பது அவருக்கு அவரே வைத்துக்கொண்ட விதி.

விஜயலக்ஷ்மியிடம் மட்டும் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஊரூர்க் குப்பம்னா அடையாத்துல, அந்தக் கடலோரந்தானே? கிட்டதானே இருக்கு, போய், முனியம்மான்னு ஒருத்தி இருந்தாளா, அவ தம்பிக்கு என்ன பாடினான்னு கேட்டா போறாதோ?"

"முப்பத்துமூணு வருஷம் ஆச்சு. யாராவது எதையாவது சொல்லுவா. அது ஆதாரமாகாது."

"எது ஆகும்?"

"எழுதி வெச்சிருக்கணும்."

"அப்போ தெரியலைன்னு அவகிட்ட சொல்லிடுங்கோ. பாவம், காத்துண்டிருக்கா."

அவர் எழுந்து போய்க் கொடியில் காயாத சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகைக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், கல்யாணராமன் இரண்டு பாட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பத்தேழாவது நாலு வரிதான், அதுவும் பாதியில் நின்றது. நாற்பத்தொன்று இரண்டு பக்கம் ஓடியது.

*வாடக் காத்து வீசயிலே வலயெடுத்துப் போனவனே*
*வடிச்ச சோறு ஆறிப் போச்சே, எம்பொறப்பே*
*வாசப் படி தேடுதடா*
*ஆறினதை ஆருக்கு வைப்பேன், அள்ளி எங்கே கொட்டுவேன்*
*கொட்ட மனசு வல்லியே, எம்பொறப்பே*
*கொண்டா உன் கையை நீட்டு*

படித்து முடித்து அவர் திரும்பவும் முதல் வரியிலிருந்து படித்தார். இதுதான் பாட்டு என்று தோன்றியது. மகள் முப்பது வருஷம் கழித்துத் தேடி வருகிற பாட்டு இப்படித்தான் இருக்க வேண்டும். நாலு வரியை அவளிடம் கொடுத்து, வருஷத் திதியன்று ஜனத்துக்கு நடுவில் எப்படி அழச் சொல்வது? ஒரு புது அட்டையை எடுத்தார். நாற்பத்தொன்று என்று எழுதினார். பாடியவர் அஞ்சலை என்று எழுதினார். ஆதாரம் என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டார். அவர் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் அட்டையில் அப்படி ஒன்றுதான் உண்டு.

தங்கத்துக்குப் படிக்கத் தெரியாது. மேலே சத்தம் போடக் கூடாது என்று பலகை தொங்கியதால், பின்பக்கம் தண்ணீர்க் குழாயருகே இருந்த படிகளில் அவளை உட்காரவைத்து, இரண்டு படி மேலே உட்கார்ந்து அவர் வாசித்தார். அறிக்கை வாசிக்கிற குரல். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்டி இல்ல சார். 'ஆறிப் போச்சே' அங்க நிறுத்தி மூச்சு எடுக்கணும்."

"இதுல நிறுத்தக்குறி இல்லையே."

"எழுதினவரு அழுவலியே, அதான் போடல" என்றாள் தங்கம். பிறகு மெல்ல இழுத்துப் பாடிப் பார்த்தாள். தொண்டை திறந்தது. அவர் அதைக் காதால் கேட்டார். மூன்று நாள் வந்து மொத்தத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு, கடைசி நாள் அவர் காலைத் தொட வந்தாள். அவர் சட்டென்று படியேறிப் போய்விட்டார்.

"எங்கம்மா இம்மா அழகாப் பாடுமா சார்?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"பாடியிருக்காளே" என்றார், திரும்பாமல்.

திதி ஒரு புதன்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை தங்கம் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மழையில் நனைந்து வந்தாள். மேலே வரவில்லை, குழாய்ப் படியில் உட்கார்ந்துகொண்டு, காவலாளியிடம் சொல்லி அனுப்பினாள். கல்யாணராமன் இறங்கி வந்தார்.

"அழுதியா?" என்றார்.

"அழுதேன் சார். எல்லாம் அசந்து போச்சு. பேசினவ அத்தினி பேரும் வாயடைச்சுப் போனா." புடவை நுனியைப் பிழிந்தாள். "மூணாவது அடி எடுக்கசொல்ல, பின்னாடி ஒரு கொரலு சேர்ந்துச்சு. எங்க ஊட்டாண்ட குடியிருக்கற கன்னியம்மா. கூட அழுவுதுன்னு நெனச்சேன். அப்பால பாத்தா, எனக்கு முன்னாடி போவுது சார். அடுத்த அடிய நான் எடுக்கறதுக்கு முந்தி அது எடுக்குது. 'கொண்டா உன் கையை'ன்னு அது பாடி முடிச்சப்புறந்தான் நான் பாடினேன்."

கல்யாணராமன் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"கன்னியம்மாவுக்குப் பொறந்த ஊடு ஊரூர்" என்றாள் தங்கம். "அதோட அக்கா முனியம்மா, தம்பி செத்ததுக்கு அழுத அழுகையாம் இது. அக்கா செத்தப்புறம் இத்த யாரும் பாடினதில்லியாம். எழுந்து வந்து என் மோவாயப் புடிச்சு, 'எங்கூட்டுச் சாவ உனுக்கு யாருடி குடுத்தது'ன்னு கேட்டுச்சு. சோறு போட்ட எலயத் தொடாம போயிடுச்சு. அது பின்னாடியே நாலு ஊடு போச்சு. திதி வச்ச ஊட்ல எல தொடாம போனா இன்னா அர்த்தம்னு உனுக்குத் தெரியாது சார்."

மழை குழாய்மேல் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது.

"எந்தேசப்பனுக்கு யாரோ ஒருத்தி தம்பிய அழுதுட்டேன்" என்றாள். "இனிமே அத்த மாத்த முடியாது. வருசம் திரும்பிடுச்சு." அவள் குரல் உயரவில்லை. "நீ படிச்சவன். தெரிலன்னா தெரிலன்னு சொல்லியிருக்கலாமே சார். நான் கோச்சிக்கினு இருப்பனா?"

அவர் சொல்ல வேண்டியது எல்லாம் இருந்தது. ஊசி, சீட்டு, துரு, கத்தி, நாலு மாதம். எதையும் அவர் தன் பக்கமாகச் சொல்லவில்லை. "தெரியலைம்மா" என்றார். "எனக்குத் தெரியலை. தெரிஞ்ச மாதிரி குடுத்துட்டேன்."

தங்கம் அவரைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியைப் பார்த்தாள்.

"அப்போ எங்கம்மாவுது?"

அவர் அவளை மேலே அழைத்துப் போனார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்தத் தடவை அவள் உட்கார்ந்தாள். மூன்றாம் தொகுதியை எடுத்துவந்து ஐம்பத்தேழாம் பாட்டைப் பிரித்து வைத்தார். ஒரு பாட்டு முனியம்மாவினுடையது என்றால் மற்றது அஞ்சலையினுடையதுதான். ஆதாரம், கன்னியம்மா. ஆற்றைத் தாண்டி ஊரூர்வரை நடந்து போய்க் கேட்டிருந்தால் ஆடி மாதமே தெரிந்திருக்கும்.

"சின்னதா இருக்கும்" என்றார். பிறகு வாசித்தார். சத்தம் போடக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே.

*ஒரே பாயில் ஒண்ணாத்தான் தூங்கினமே*
*உன் பக்கம் மட்டும் ஈரமாச்சே, தம்பி*
*எழுந்து சொல்லுடா எதனாலே*
*எழுந்து*

நிறுத்தினார். தங்கம் காத்திருந்தாள்.

"அப்பால?"

"அவ்வளவுதான். கீழே அவர் எழுதியிருக்கார். 'இங்கே நின்றுவிட்டது. தொண்டை அடைத்துக்கொண்டது. மேலே பாட வரவில்லை. பிறகு வந்து கேட்க வேண்டும்.' பக்கத்தை அப்படியே விட்டிருக்கார்."

முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது. கோடு போட்ட காகிதம், பழுத்து, ஒரு எழுத்தும் இல்லாமல். தனபாலன் பிறகு வந்தாரா, வந்தபோது அஞ்சலை இருந்தாளா என்பதற்கு எங்கும் குறிப்பில்லை.

தங்கம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கும் வரலியா சார்?" என்றாள் கடைசியில்.

"வரலை."

"கல்லு மாறி நின்னிருக்கும்."

 பேப்பர் படிக்கிற கூட்டம் கீழே கலையும் சத்தம் கேட்டது.

"இந்த எடம் பூரா எங்கம்மாவுக்குன்னு வுட்டு வச்சதா?"

"ஆமாம்."

அவள் கை ஈரமாக இருந்தது. மழை ஈரம், அதற்கடியில் மீன். கையெழுத்துப் பிரதியை ஈரக் கையால் தொட்ட ஒரு பேராசிரியரை அதே மேஜையில் வைத்துக் கடிந்துகொண்டவர் கல்யாணராமன். தங்கம் உள்ளங்கையை விரித்து அந்த வெற்றுக் காகிதத்தின்மேல் வைத்தாள். நீர் காகிதத்தில் ஊறிப் பரவியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், அவள் கையை எடுக்கிறவரை.